பதினான்கு மாத்திரையும் ஒரு நாள் கூலியும்

திருவேங்கடம் என்றதும் பலருக்கு ஏழுமலையான்தான் நினைவுக்கு வருவார். இது அந்தத் திருவேங்கடம் இல்லை. தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், கரிசல் மண்ணில் இருக்கும் பேரூர். தென்மேற்கே சங்கரன்கோவில், கிழக்கே கோவில்பட்டி, வடகிழக்கே சிவகாசி. மழையை நம்பிய மானாவாரிக் காடு, பருத்தி, மக்காச்சோளம், பயறு. மழை ஏமாற்றும் வருஷங்களில் தீப்பெட்டி, பட்டாசு, விசைத்தறி, நூறு நாள் வேலை. பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிவது அன்றன்றைக்கு வரும் கூலியில்தான்.

இப்படி ஓர் ஊரில், இரவு இரண்டு மணிக்கு, ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏங்க, என்ன செய்யுது? இப்படி வேர்த்து ஊத்துது?"

"ஒண்ணுமில்ல புள்ள. வாயுப் பிடிப்பு. சோடா கெடந்தா எடு."

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"இந்நேரத்துல எங்க போக? விடியட்டும், பாப்போம்."

விடிகிறது. எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்து சங்கரன்கோவில் போய்ச் சேர்கிறார்கள். சில வீடுகளில் அந்த ஆட்டோவுக்கே வேலை இருப்பதில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் பந்தலுக்கடியில் உட்கார்ந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "அவரு ஆயுசு அவ்வளவுதான்."

ஆயுசு அவ்வளவுதானா?

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது. அதுவும் இந்திய நோயாளிகளிடமிருந்தே எடுத்த பதில். 'கிரியேட்' என்ற பெயரில், நாடெங்கும் 89 மருத்துவமனைகளில் மாரடைப்போடும் அதற்கு ஒப்பான நெஞ்சுவலியோடும் வந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவுசெய்து, பெங்களூரு மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு. 2008-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்க ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். அதாவது ஆறு மணி நேரம். இரவு இரண்டுக்கு வலித்து காலை எட்டுக்குப் போவது என்பது கரிசல் காட்டு மனிதரின் தனி வழக்கம் இல்லை, நாட்டின் வழக்கமே அதுதான்.

அந்த ஆய்வில் இதைவிட முக்கியமான இன்னொரு செய்தி இருந்தது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள், பணக்காரர்களில் நூற்றுக்கு 5.5 பேர். ஏழைகளில் 8.2 பேர். 'ஏழைகள் பீடி குடிப்பார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் அதிகம் சாகிறார்கள்' என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடலாம். ஆய்வாளர்கள் அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புகை, சர்க்கரை, வயது போன்றவற்றை ஈடுசெய்து பார்த்தபோது வித்தியாசம் மறையவில்லை. இருவருக்கும் கிடைத்த சிகிச்சையை ஈடுசெய்து பார்த்தபோதுதான் மறைந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, அடைப்பை நீக்கும் சிகிச்சை ஆகியவை ஏழைகளுக்குக் குறைவாகவே கிடைத்திருந்தன.

ஆக, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பிறகும் ஆயுசைக் கூட்டவும் குறைக்கவும் கைப்பணத்தால் முடிந்திருக்கிறது.

'அந்தக் காலத்து மனுஷங்க நூறு வருஷம் இருந்தாங்க'

இப்படிச் சொல்லாத குடும்பம் உண்டா? கம்பும் கேழ்வரகும் தின்று, கிணற்றில் குதித்து, தொண்ணூறு வயதிலும் கம்பூன்றாமல் நடந்த தாத்தா எல்லா வீட்டுக் கதையிலும் வருவார். கதை பொய்யில்லை. ஆனால் அதே வீட்டு ஆச்சியிடம் எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டால், "எட்டுப் பெத்தேன், மூணு தங்குச்சு" என்பார். தங்காத ஐந்தும் அந்தத் தாத்தாவின் காலத்து மனிதர்கள்தான். அவர்களைப் பற்றிச் சொல்ல யாருக்கும் கதை இல்லை.

சராசரி ஆயுள் என்பது இவர்கள் எல்லோரையும் சேர்த்துப் போடும் கணக்கு. மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்குப்படி, 1970-75-ல் தமிழ்நாட்டின் சராசரி ஆயுள் 49.6 ஆண்டுகள்தான். அதற்காக எல்லோரும் ஐம்பதில் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. ஏராளமான குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் இந்தியாவில் அந்த எண்ணிக்கை 28. தமிழ்நாட்டில் 13.

தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. செங்கோட்டையைத் தாண்டி மலை ஏறி இறங்கினால் கேரளா. 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. தமிழ்நாட்டில் சராசரி ஆயுள் 49.6 ஆக இருந்த அதே 1970-75-ல், மலைக்கு அந்தப் பக்கம் 62. ஒரே மழை, ஒரே மலை, பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் வித்தியாசம்! கேரளா அப்போது வருமானத்தில் முன்வரிசையில் நின்ற மாநிலமும் இல்லை. பெண்கள் படித்திருந்தார்கள், நடந்து போகும் தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. பணம் வந்து சேரும் முன்பே ஆயுள் வந்து சேர்ந்துவிட்டது.

2014-18 கணக்கில் கேரளா 75.3, தமிழ்நாடு 72.1. பன்னிரண்டு வருஷ இடைவெளி மூன்றாகச் சுருங்கியிருக்கிறது. தடுப்பூசி, சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம், 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மொத்த மருந்துக் கொள்முதல் என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. அரசு ஆஸ்பத்திரியில் 'மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கோங்க' என்ற பேச்சு குறைந்ததே பெரிய மாற்றம். ராஜஸ்தானும் 2011-ல் இதேபோல ஒரு கழகத்தைத் தொடங்கியது.

தொட்டிலில் நடந்த சாவு குறைந்துவிட்டது. இப்போது குடும்பத்தை உலுக்குவது ஐம்பதிலும் ஐம்பத்தைந்திலும் நடக்கும் சாவு. மகள் கல்யாணம் முடியாத, வாங்கிய கடன் தீராத வயது அது. இங்கேதான் கூலி உள்ளே நுழைகிறது.

முந்நூற்று முப்பத்தாறு ரூபாய்

மாரடைப்பும் பக்கவாதமும் ஒரே இரவில் வருவதாகத் தோன்றும். உண்மையில் அவை பத்து வருஷமாக வந்துகொண்டிருப்பவை. ரத்தக்கொதிப்பு வலிக்காது. சர்க்கரையும் ஆரம்பத்தில் வலிக்காது. வலிக்காத நோய்க்காக ஒரு நாள் வேலையை விட்டு யார் போவார்கள்?

நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயித்த ஒரு நாள் ஊதியம் 336 ரூபாய். மாத்திரை வாங்கப் போகும் நாளில் அது போகும். துணைக்கு ஆள் போனால் இரண்டு கூலி. காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும், சீட்டு, பிரஷர் பார்த்தல், டாக்டர், மருந்து கவுண்ட்டர் எல்லாம் முடியும்போது மதியமாகிவிடும். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, அந்தச் செலவு மிச்சம். ஆனால் கூலி போனது போனதுதான். மாத்திரை இலவசம், அதை வாங்கப் போகும் நாள் இலவசம் இல்லை.

இந்தக் கணக்கின் விளைவு 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் தெரிந்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு ரத்தக்கொதிப்பு, சுமார் 18 பேருக்கு சர்க்கரை. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு வெறும் 7 பேருக்கு. சர்க்கரையில் 11 பேருக்கு. இலவச மருந்து கொடுப்பதில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலத்தில்தான் இந்த நிலை. கவுண்ட்டரில் மருந்து இருந்தது, வயிற்றுக்குள் போகவில்லை.

அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பெண் தன்னார்வலர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் செவிலியர், பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறை மருத்துவர். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

திட்டம் நடக்கும் தெருக்களில் காட்சி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"பெரியம்மா, மாத்திரை போட்டீகளா?"

"போட்டேன் தாயி. நேத்து ஒரு நாள் விட்டுப்போச்சு."

"விடக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுறேன். பெரியப்பாவ எங்க?"

"அவரு காட்டுக்குப் போயிட்டாரு. அவரு எங்க இதெல்லாம் பாக்காரு!"

கடைசி வரியைக் கவனியுங்கள். தன்னார்வலர் வரும் நேரத்தில் வீட்டில் இருப்பது பெரியம்மாதான். ஐம்பத்தைந்து வயதுப் பெரியப்பா காட்டிலோ, ஆலையிலோ, லாரியிலோ இருப்பார். யாருக்கு மாரடைப்பு முதலில் வருமோ அவரைப் பிடிப்பதுதான் கடினம். இதற்காகத்தான் 2024-ல் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. நல்ல யோசனை. ஆனால் தொழிற்சாலை என்று பெயர்ப்பலகை இருந்தால்தான் போக முடியும். வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி அடைக்கிறவரின் தொழிற்சாலை அந்தத் திண்ணைதான்.

இதே கரிசல் பூமியில் வேறொரு வகைத் தொழிலாளியும் இருக்கிறார். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவர். சம்பளத்தில் அவர் கட்டுவது 0.75 சதவிகிதம், முதலாளி கட்டுவது 3.25. நோய் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால், தகுதி நாட்கள் நிறைந்திருக்கும் பட்சத்தில், வருஷத்தில் 91 நாள் வரை எழுபது சதவிகிதச் சம்பளம் வீட்டுக்கு வரும். சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது.

ஒரே தெருவில் இரண்டு பேர். இருவருக்கும் ஒரே ரத்தக்கொதிப்பு. ஒருவருக்கு உடம்பு சரியில்லாத நாளிலும் சம்பளம் வருகிறது, மற்றவருக்கு அன்றைக்கு அடுப்பு எரிவதே சந்தேகம். யார் டாக்டரைப் பார்ப்பார்? வருமான ஏற்றத்தாழ்வு என்று பொருளாதார நிபுணர்கள் கோடீஸ்வரர்களின் பட்டியலைக் காட்டிப் பேசுவார்கள். உயிர் விஷயத்தில் அது இந்தத் தெருவுக்குள்ளேயே இருக்கிறது.

ஐந்து லட்சம் இருக்கிறது, ஐந்து மணி நேரம் இல்லை

'அதுதான் காப்பீடு இருக்கே' என்று கேட்கலாம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் உண்டு. வீட்டை விற்காமல் உயிர் பிழைத்த குடும்பங்கள் இதனால் ஏராளம்.

ஆனால் காப்பீடு பயன்பட, ஆள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். கேத் லேப் வசதியோடு இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சங்கரன்கோவில் வழியாகப் போனால் எழுபது கிலோமீட்டருக்கும் மேல். தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. மாவட்டம் 2019-ல் பிரிந்தது, கல்லூரி பழைய தலைநகரத்திலேயே தங்கிவிட்டது. அடைபட்ட ரத்தக் குழாய்க்குப் பின்னால் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். அதற்கு மாவட்ட எல்லையும் தெரியாது, மாநில எல்லையும் தெரியாது.

தூரத்தைக் குறைக்க முடியாது, வேறென்ன செய்யலாம் என்று யோசித்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். கோவையைச் சேர்ந்த இதய மருத்துவர் தாமஸ் அலெக்ஸாண்டர் முன்னின்று 2012 முதல் 2014 வரை ஒரு முயற்சி நடந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளையும் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸால் பிணைப்பது, சின்ன ஆஸ்பத்திரியிலேயே கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிடுவது, பிறகு பெரிய இடத்துக்கு மாற்றுவது, ஏழைகளுக்கு அரசுக் காப்பீட்டிலிருந்து பணம். 2,420 நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தார்கள். அதிசய மருந்து எதுவும் வரவில்லை. இருந்த மருந்து சீக்கிரம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

2023-ல் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார்கள். 'இதயம் காப்போம்' திட்டம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்குக் கொடுக்கப் பதினான்கு மாத்திரைகள் கொண்ட முதல் மருந்து தயாராக இருக்கும். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. கொடுத்துவிட்டு, மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். இது அடைப்பை முழுதாக நீக்காது. கட்டி மேலும் பெரிதாகாமல் தடுத்து, எழுபது கிலோமீட்டர் பயணத்துக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும். வீட்டில் வாங்கி வைத்து நாமே போட்டுக்கொள்ளும் சமாசாரமும் இல்லை. வயிற்றுப் புண்ணோ, ரத்தக் கசிவோ, மூளையில் ரத்தப்போக்கோ இருந்தால் இதே மாத்திரைகள் ஆபத்து.

வெளியூர்க் கணக்கு

இந்த இடைவெளி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இந்தியக் குடும்பங்களைச் செல்வ நிலையால் ஐந்து அடுக்காகப் பிரித்து, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. அடி அடுக்கில் பிறந்த குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் 65.1. மேலடுக்கில் 72.7. ஏழரை வருஷத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம். நம்மூர்க்காரர்கள் ஏழரை என்றாலே சனீஸ்வரனை நினைப்பார்கள். அந்த ஏழரை வந்தால் ஒருநாள் விலகும்.

அமெரிக்காவில் இது இன்னும் கொடுமை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி, அந்த நாட்டின் வரிக் கணக்குகளையும் இறப்புப் பதிவுகளையும் இணைத்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், உச்சியிலுள்ள ஒரு சதவிகித ஆண்களுக்கும் அடியிலுள்ள ஒரு சதவிகித ஆண்களுக்கும் இடையே 14.6 வருஷ வித்தியாசம். பெண்களிடம் 10.1. பணக்காரர் எந்த நகரத்தில் இருந்தாலும் ஆயுள் பெரிதாக மாறவில்லை. ஏழைக்கு மட்டும் ஊருக்கு ஊர் மாறியது. அந்த வேறுபாடு மருத்துவமனை வசதியோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை, புகைப் பழக்கம் போன்றவற்றோடுதான் அதிகம் பொருந்தியது. 'கிரியேட்' சொன்னதற்கு இது நேரெதிர்போலத் தெரியும். அப்படியில்லை. இங்கே பேசியது மாரடைப்பு வந்த பிறகான முப்பது நாள், அங்கே பேசியது முழு வாழ்க்கை. நம் ஊர்ப் பெட்டிக்கடைப் பீடிக்கட்டுக்கும் டாஸ்மாக் கடைக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு என்பதை ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டுமே பேசி மறைத்துவிடக் கூடாது.

சரி, இரவு இரண்டு மணிக்குத் திரும்புவோம்.

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை வந்தால் சோடாவும் ஓமத் தண்ணீரும் வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல், வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும்கூட வரலாம். 108-க்குக் கட்டணம் கிடையாது, விடியக் காத்திருக்கவும் வேண்டாம். நடந்தோ, பைக்கில் பின்னால் உட்கார்ந்தோ போகக் கூடாது.

பகலிலேயே செய்துவைக்க இரண்டு வேலைகள் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் காப்பீட்டு அட்டைக்குப் பதிவு செய்துகொள்வது ஒன்று. அதற்கும் ஒரு நாள் கூலி போகும்தான். இன்னொன்றுக்குக் காசு வேண்டாம். பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் அரசு சுகாதார நிலையம் எது, அங்கே இ.சி.ஜி. எடுப்பார்களா என்று உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதிலை, பால் கணக்கு எழுதும் தினசரிக் காலண்டர் அட்டையின் ஓரத்தில், கண்ணாடி போடாமலே தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், 108-க்குக் கீழே எழுதி வையுங்கள்.